எது மேல் என்று கேட்டவர்

முடிச்சூர் ரோட்டில் ஜோசலின் நடத்தும் மருந்துக்கடையில் தூக்க மாத்திரை வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. டாக்டர் சீட்டு இருந்தால் மட்டும் போதாது. சீட்டை ஒரு தடவை படிப்பாள், சீட்டு கொண்டு வந்த ஆளை ஒரு தடவை படிப்பாள். பிறகு கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, கடையில் எத்தனை பேர் நின்றாலும் சரி, சத்தமாகவே கேட்பாள்: "குடிப்பீங்களா?"

பெயின்ட் வேலை பார்க்கும் சின்னப்பன் ஒருநாள் இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டு முகம் சுண்டிப்போய் நின்றான்.

"இன்னாக்கா, இத்தினி பேரு நின்னுகினு கீறாங்கோ, மானத்த வாங்குறியே."

"குடிப்பியா மாட்டியா, அதை மட்டும் சொல்லு."

"எப்பனாச்சும்."

"எப்பனாச்சும்னா?"

"டெய்லி," என்று ஒப்புக்கொண்டான்.

மாத்திரை கிடைக்கவில்லை. "அதையும் இதையும் சேர்த்தா நல்லாத் தூங்குவே, எழுந்திருக்கத்தான் மாட்டே. போய் டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லி வேற எழுதிட்டு வா" என்று சீட்டைத் திருப்பிக் கையில் திணித்தாள். சின்னப்பன் தெரு முனை வரைக்கும் திட்டிக்கொண்டே போனான். திட்டினால் என்ன, ஆள் இன்றைக்கும் ஏணியில் ஏறிச் சுவர் அடித்துக்கொண்டிருக்கிறான்.

இப்படி ஊரையே நிற்க வைத்துக் கேட்டவள், கேட்டே ஆகவேண்டிய ஒருவரிடம் கேட்காமல் விட்டாள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இவளுக்கு மரியாதையில் சறுக்கியது.

அவர் பெயர் ஜெபசீலன். மேற்குத் தாம்பரத்தில் ஜோசலின் போகிற சபையின் செயலாளர். ரயில்வேயில் இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றவர். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். கிறிஸ்துமஸ் பாட்டுகளில் அவர் குரல் சேர்ந்தால் பெஞ்சு அதிரும். போதை ஒழிப்பு ஞாயிறு என்று ஒன்று வருஷாவருஷம் வரும். அன்றைக்குச் செய்தி கொடுப்பது எப்போதும் அவர்தான். ஜோசலினின் கல்யாணத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். அவரைப் போய் ஒரு பெண்பிள்ளை 'குடிப்பீங்களா அங்கிள்' என்று கேட்பதாவது. அந்த வார்த்தை அவள் வாய்வரைக்கும் வரவில்லை. சத்தியமாக, மனசுக்கே வரவில்லை.

ஒரு புதன்கிழமை மத்தியானம் வந்தார். சீட்டை நீட்டினார். பார்த்தால் ஒரு மாதம் பழைய சீட்டு. வேறு யாராவது இருந்தால் அதற்கும் ஒரு கேள்வி விழுந்திருக்கும்.

"ஸ்தோத்திரம் அங்கிள். தூக்கம் வரலையா?"

"ரிட்டயர் ஆனதிலேர்ந்தே அப்படித்தாம்மா. கண்ணை மூடினா பழைய டியூட்டி சார்ட் வந்து நிக்குது."

பத்து மாத்திரை உள்ள ஒரு பட்டையை எடுத்துக் கொடுத்தாள். தூக்க மாத்திரை விற்றால் எழுதி வைக்கவேண்டிய நோட்டில் பெயர், தேதி, எத்தனை என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள். அவர் கிளம்பவில்லை. இருமல் மிட்டாய் ஜாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் நின்ற பெண் போகும்வரை பார்த்தார்.

"ஏம்மா, ஒரு சந்தேகம். எங்கூட வேலை பார்த்தவர் ஒருத்தர், தூக்கம் வரணும்னு ராத்திரி கொஞ்சம் பிராந்தி எடுத்துக்கறார். நான் இந்த மாத்திரை எடுத்துக்கப் போறேன். ரெண்டுல எது மேல்?"

ஜோசலினுக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். விலை குறையுமா, சில்லறை இருக்கா என்பதைத் தவிர அவளிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. படித்ததை எடுத்துச் சொல்ல ஒரு வாய்ப்பு கிடைத்தால் விடுவாளா?

"மாத்திரைதான் அங்கிள், சந்தேகமே வேண்டாம். ரெண்டும் மூளையை அடக்குற வேலையைத்தான் பண்ணுது. ஆனா பிராந்தி தூங்க வெக்கற மாதிரி வெச்சு, ரெண்டு மணிக்கு எழுப்பி விட்டுடும். நாளாக நாளாக அளவு ஏறிக்கிட்டே போகும், லிவரைத் தின்னும். மாத்திரைக்கு ஒரு அளவு இருக்கு, கேக்கறதுக்கு டாக்டர் இருக்கார். இதையும் ரொம்ப நாள் போடக்கூடாது, பழகிடும். திடீர்னும் நிறுத்தக்கூடாது."

"அப்ப ரெண்டும் ஒரே குடும்பம்தான்."

"ஒரே குடும்பம்தான். இது சொன்ன பேச்சு கேக்கற பிள்ளை, அது கேக்காத பிள்ளை. உங்க ஃப்ரெண்டை அதை விட்டுட்டு டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்க அங்கிள்."

அவர் சிரித்தார். "சொல்றேம்மா. விட்டுடச் சொல்றேன்," என்று ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போனார்.

எது மேல் என்றுதான் அவர் கேட்டார். சேர்த்தால் என்ன ஆகும் என்று கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்? கேட்ட நிமிஷமே அந்த நண்பர் மறைந்துபோய் இவர் மட்டும் கவுண்டர் முன்னால் நிற்பார். சின்னப்பனிடம் ஊருக்கே கேட்கும்படி சொன்னதை ஜோசலினும் இவருக்குச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் வியாழக்கிழமை விடியும்போது ஜெபசீலன் படுத்த படுக்கையிலேயே போய்விட்டார் என்று செய்தி வந்தது. வீட்டுக்கு வந்த டாக்டர் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார். சபையே திரண்டது. ஜோசலின் கடையைப் பூட்டிவிட்டுப் போய், வந்தவர்களுக்கு டீ ஊற்றினாள், கல்லறைத் தோட்டத்தில் மற்றவர்களோடு நின்று பாடினாள். மாரடைப்பு என்றார்கள், அவளும் அப்படியே நம்பினாள். அவரை நினைத்து உண்மையாகவே அழுதாள்.

இரண்டு வாரம் கழித்து, கடையில் ஈ ஓட்டும் மூன்று மணி வேளையில், அவர் மனைவி தபீதாள் வந்தாள்.

தபீதாள் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். முப்பது வருஷமாகப் பிள்ளைகளை ஒரு பார்வையில் உட்கார வைப்பவள். அன்றைக்கு எடை பார்க்கும் மெஷினுக்குப் பக்கத்தில், கூப்பிடும்வரை காத்திருக்கும் நோயாளி மாதிரி ஓரமாக நின்றாள். கடையில் யாரும் இல்லை என்றான பிறகு பைபிள் உறையின் ஜிப்பைத் திறந்து ஒரு மாத்திரைப் பட்டையை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தாள். பத்துக் குழியில் எட்டு காலி.

"இது உன் கடையில வாங்கினதா, ஜோசலின்?"

"ஆமா ஆன்ட்டி. அங்கிள்தான் வந்து வாங்கினார்."

"எனக்குத் தெரியாது. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை ஒரு மாசமா பைபிளுக்குள்ளயே வெச்சிருந்தார். மாத்திரை வேண்டாம்னு சொன்னார். நேத்துத் தலையணை உறையை மாத்தும்போது உள்ளேருந்து இது விழுந்துச்சு." பட்டையின் காலிக் குழிகளை விரலால் தடவினாள். "எட்டு மாத்திரை. எப்ப வாங்கினார், முந்தின நாளா? ஒரே ராத்திரியில எட்டையும் போட்டுட்டாரா?"

ஜோசலின் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தபீதாள் கையை உயர்த்தினாள்.

"போறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி சொன்னார். 'தபீ, தூக்கத்துலயே கர்த்தர் எடுத்துக்கிட்டா எவ்வளவு நல்லா இருக்கும்'னு. நான் வாயை மூடுங்கன்னேன். இதைப் பெத்த பொண்ணு பிளஸ்ஸிகிட்ட கூடச் சொல்லலை. பெங்களூர்ல குழந்தையை வெச்சுக்கிட்டு அவ பாடே பெரும்பாடு. ஊரே மாரடைப்புன்னு நம்புது, நம்பட்டும். எனக்கு மட்டும் தெரியணும். முப்பத்தோரு வருஷம் கூட இருந்தவ. என்னை வேண்டாம்னு விட்டுட்டுப் போனாரா, இல்ல தானா வந்த சாவா? அதைச் சொல்லிடு, எதுவா இருந்தாலும் தாங்கிக்கறேன்."

ஜோசலின் ஸ்டூலைப் போட்டு ஏறினாள். வெள்ளம் வந்து போன வருஷத்தில் இருந்து அந்தக் கடையில் முக்கியமான எதுவும் இடுப்புக்குக் கீழே இருப்பதில்லை. மேல் தட்டில் இருந்த நோட்டை எடுத்துத் தூசியைத் தட்டிப் பக்கத்தைப் புரட்டினாள்.

"இங்க பாருங்க ஆன்ட்டி. ஜெபசீலன். புதன்கிழமை. பத்து மாத்திரை. இது அவர் கையெழுத்துதானே? புதன், வியாழன், வெள்ளி..." என்று விரல் மடக்கி எண்ணினாள். "அடுத்த புதன் ராத்திரியோட எட்டு. மீதி ரெண்டு இங்கேயே இருக்கு. டாக்டர் எழுதினதும் ராத்திரிக்கு ஒண்ணுதான். ஒண்ணுகூட அதிகமா போடலை ஆன்ட்டி. அவர் உங்களை விட்டுட்டுப் போகலை."

தபீதாள் அந்தக் கையெழுத்தின் மேல் விரலை வைத்தாள். வைத்தவள் எடுக்கவில்லை. அடக்கத்தின்போதுகூட நிமிர்ந்து நின்றவள், கண்ணாடிக் கவுண்டரில் நெற்றியைச் சாய்த்து, உடம்பு குலுங்கக் குலுங்க அழுதாள். அழுகையிலேயே "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்றாள். ஜோசலின் கவுண்டருக்குப் பின்னால் கூட்டிப்போய் நாற்காலியில் உட்கார வைத்தாள், தண்ணீர் கொடுத்தாள், ஃபேனைத் திருப்பி வைத்தாள். ஒரு உயிரையே மீட்டுக் கொடுத்த மாதிரி அவள் நெஞ்சு நிறைந்திருந்தது. நெஞ்சு நிறைந்தால் அவளுக்கு வாய் நிற்காது.

"ஒத்தை மாத்திரையில யாரும் போயிட மாட்டாங்க ஆன்ட்டி, மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க. குடிச்சுட்டுப் போட்டாத்தான் ஆபத்து. அங்கிள் விஷயத்துல அந்தக் கவலையே இல்லையே."

தபீதாளின் அழுகை நின்றது. தண்ணீர் டம்ளர் கையில் அப்படியே இருந்தது.

"குடிச்சுட்டுப் போட்டா என்ன ஆகும்?"

வகுப்பில் கேட்கிற குரலில் கேட்டாள். ஜோசலின் அவள் முகத்தைப் பார்த்தாள். இருமல் மிட்டாய் ஜாடிக்கு முன்னால் நின்று தயங்கிய அந்தக் கனத்த உருவம் கண்ணில் வந்து நின்றது. கூட வேலை பார்த்த நண்பர். எது மேல்.

"ஆன்ட்டி..."

"சொல்லு. நானும் சயின்ஸ் படிச்சவதான்."

"ரெண்டும் தனித்தனியா வந்தா," ஜோசலின் மெதுவாக ஆரம்பித்தாள், "வீட்டுல ஒவ்வொரு லைட்டா அணைக்கிற மாதிரி. ஒருத்தர் ஹால்ல அணைப்பார், இன்னொருத்தர் ரூம்ல அணைப்பார். சேர்ந்து வந்தா மெயினையே இறக்கிடும். ஒண்ணும் ஒண்ணும் ரெண்டுன்னு கணக்கு நிக்காது. மூச்சு விடணும்ங்கறதையே மூளை மறந்துடும். கனமான உடம்பு, குறட்டை விடறவங்கன்னா இன்னும் மோசம்."

"குறட்டை எப்படி இருக்கும்?"

"சாதாரணக் குறட்டையா இருக்காது. பெருசா, தொண்டையில தண்ணி கட்டின மாதிரி. நடுநடுவுல நின்னு நின்னு வரும். அப்ப உடனே எழுப்பணும். எழுப்ப முடியலைன்னா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடணும்."

தபீதாள் டம்ளரைக் கீழே வைத்தாள். மருந்துத் தட்டுகளைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"தினமும் ராத்திரி ஏழரை மணிக்கு மொட்டைமாடிக்குப் போவார். தனி ஜெபம்னு சொல்லிட்டுப் போவார். யாராவது போன் பண்ணினா, ஐயா ஜெபத்துல இருக்கார்னு நானே சொல்லுவேன். பாட்டில் தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி இருக்கும். பொத்தேரி வரைக்கும் போய் வாங்கிட்டு வருவார். அங்க எல்லாம் காலேஜ் பசங்க, சபை ஆளுங்க கண்ணுல படமாட்டோம்னு. பதினஞ்சு வருஷமா எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு அவருக்கும் தெரியும். ஒரு நாள்கூட அதைப் பத்திப் பேசினதில்ல. படிக்கட்டுல ஒரு கிண்ணத்துல வறுத்த கடலை வெச்சுடுவேன். காலிக் கிண்ணம் கீழே வரும்."

வெளியே ஒரு ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"கடைசி வாரம் மாடிக்கே போகலை. ஏழு நாள். கீழேயே உட்கார்ந்து எங்கூட நியூஸ் பார்த்தார். கடலையை எங்கூட உட்கார்ந்து சாப்பிட்டார். ராத்திரியும் நல்லாத் தூங்கினார். என் ஜெபம் கேட்கப்பட்டுச்சுன்னு நினைச்சேன். எட்டாவது நாள் கமிட்டி கூட்டத்துல யாரோ ஏதோ சொல்லிட்டாங்க. முகம் செத்துப்போய் வந்தார். நேரா மாடிக்குப் போனார். ரொம்ப நேரம் கழிச்சு இறங்கி வந்து படுத்தார். ஒரு குறட்டை விட்டார் பாரு, நீ சொன்னியே, அதே மாதிரி. நான் என்ன பண்ணினேன் தெரியுமா? பாவம், அசந்து தூங்கறாரேன்னு சந்தோஷப்பட்டேன். போர்வையைப் போத்தி விட்டேன். சத்தம் நின்னதும் நானும் தூங்கிட்டேன்."

ஜோசலினால் தாங்க முடியவில்லை. தரையில் அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"போஸ்ட்மார்ட்டம் பண்ணாம யாரும் அடிச்சுச் சொல்ல முடியாது ஆன்ட்டி. மாரடைப்பாவும் இருக்கலாம்."

"இருக்கலாம்," என்றாள் தபீதாள். இருவருமே அதை நம்பவில்லை.

"என் தப்பு ஆன்ட்டி. அன்னைக்கு அவர் என்கிட்ட கேட்டார். ஒரு ஃப்ரெண்டு பிராந்தி குடிக்கறார், நான் மாத்திரை போடறேன், எது மேல்னு கேட்டார். நான் பெரிய இவ மாதிரி லெக்சர் அடிச்சேன். மாத்திரைதான் மேல்னேன். அதை நம்பித்தான் ஏழு நாள் குடியை விட்டிருக்கார். சேர்த்துடாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலை. வர்றவன் போறவன் எல்லாரையும் குடிப்பியான்னு கேக்கறவ, அவரைக் கேக்கலை. எப்படிக் கேப்பேன் ஆன்ட்டி, அவரைப் போய்..."

"நீ கேட்டிருந்தாலும் இல்லன்னுதான் சொல்லியிருப்பார்," என்றாள் தபீதாள். ஜோசலினின் தலையில் கையை வைத்தாள். "உன்கிட்ட மட்டும் இல்ல. உலகத்துல யார் கேட்டாலும். ஒரே ஒரு இடத்துல ஆமான்னு சொல்ல வாயைத் திறந்தார்."

"எங்க ஆன்ட்டி?"

"டாக்டர்கிட்ட. நானும் கூடப் போயிருந்தேன். அவர் எல்லாரையும் கேக்கற மாதிரி, தலையைக்கூட நிமிர்த்தாம, குடிப்பழக்கம் உண்டான்னு கேட்டார். இவர் உடனே இல்லன்னு சொல்லலை. தொண்டையைச் செருமினார். எனக்குத் தெரியும் அவர் செருமல். மனசுல இருக்கறதைச் சொல்லப்போற செருமல் அது. எனக்குப் பக்குன்னு ஆயிடுச்சு. ரூம்ல நர்ஸ் நிக்கறா, அவ நம்ம சபைப் பொண்ணு. நான் முந்திக்கிட்டேன். 'சேச்சே, அதெல்லாம் கிடையாது டாக்டர், நாங்க சபைக் குடும்பம்'னேன். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் வாயைத் திறக்கலை. டாக்டர் எழுதிக் கொடுத்துட்டார்."

ஜோசலின் அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ இந்தத் தொழில்ல இருக்கறவ. மறைக்காம சொல்லு. நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா, அவர் ஆமான்னு சொல்லியிருந்தா, டாக்டர் அந்த மாத்திரையை எழுதியிருப்பாரா?"

ஒரு பொய் சொல்லிவிடலாம். நாக்கு நுனியில் தயாராகவே இருந்தது. எழுதியிருப்பார் ஆன்ட்டி, அதெல்லாம் எல்லாருக்கும் எழுதறதுதான், என்றால் அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள். ஆனால் கௌரவம் கெடாமல் பேசிப் பேசியே ஒரு மனுஷனைக் கல்லறைக்கு அனுப்பியாயிற்று. அந்த முகத்தைப் பார்த்து இன்னொரு பொய் சொல்ல ஜோசலினுக்குத் தைரியம் இல்லை.

"எழுதியிருக்க மாட்டார் ஆன்ட்டி," என்றாள்.

தபீதாள் தலையை ஆட்டினாள். சரியான விடை சொன்ன பிள்ளையிடம் ஆட்டுவது போலத்தான் இருந்தது. மாத்திரைப் பட்டையை எடுத்துப் பைபிள் உறைக்குள் வைக்கப் போனாள், பிறகு வேண்டாம் என்று கவுண்டரிலேயே விட்டாள். எழுந்திருக்கப் பார்த்தாள். மறுபடி உட்கார்ந்தாள்.

ஒருவர் வந்து காய்ச்சல் மருந்து கேட்டார். ஜோசலின் உட்கார்ந்த இடத்தில் இருந்தே கடை சாத்தியாச்சு என்றாள். பட்டப்பகலில் திறந்து கிடக்கும் கடையை அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

"நேத்துதான் இந்தப் பட்டை கிடைச்சுது," என்றாள் தபீதாள். "ஆனா அவர் போன அன்னைக்கே எனக்குச் சந்தேகம்தான். ரெண்டு வாரமா அவர் மேல ஒரே கோபம். என்னை ஒரு வார்த்தை கேட்காம, இப்படி நடுத்தெருவுல விட்டுட்டுப் போயிட்டீங்களேன்னு அவர் போட்டோவைப் பார்த்துச் சண்டை போடுவேன். சமைக்கும்போது திட்டுவேன். ராத்திரி அவர் பக்கத்துத் தலையணையைப் பார்த்துத் திட்டுவேன். அந்தக் கோபத்துலதான் எழுந்தேன், குளிச்சேன், ஸ்கூலுக்குப் போனேன்."

புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அவர் என்னை விட்டுட்டுப் போகலைன்னு சொல்லிட்டே. அது போதும்னு நினைச்சுத்தான் வந்தேன். இனிமே வீட்டுக்குப் போய் யாரைத் திட்டறது, ஜோசலின்?"